மிலாறு யாருக்கு?

குன்னூர்ப் பக்கத் தோட்டத்தில் நான் கண்டக்டராக இருந்த வருடங்களில், கவ்வாத்து முடிந்ததும் தவறாமல் ஒரு வாக்குவாதம் வரும். வெட்டிப்போட்ட மிலாறு யாருக்கு? "மண்ணுக்கு" என்பார் துரை. "எங்க அடுப்புக்கு" என்பார்கள் லைன் வீட்டுப் பெண்கள். நம் மலைக் குளிரில் விறகு இல்லாமல் வெந்நீர் ஏது? இரண்டு பக்கமும் நியாயம்தான்.

கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நாலு முதல் ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். 100 கிலோ தூளில் ஏறக்குறைய 4 கிலோ நைட்ரஜன் இருக்கிறது. ஆக, 1000 கிலோ கொழுந்து லாரியேறினால் சுமார் 9 கிலோ நைட்ரஜன் மலையை விட்டுப் போகிறது. யூரியாவாக ஈடுகட்ட 20 கிலோ வேண்டும். காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். ஆனால் தேயிலை அதை நேராக எடுத்துக்கொள்ளாது. அவரைக்கும் பட்டாணிக்கும் வேர்முடிச்சில் நுண்ணுயிர்கள் பிடித்துக் கொடுக்கின்றன. தேயிலைக்கு அந்த வசதி இல்லை.

மிலாறு மண்ணிலேயே கிடந்தால் பூஞ்சையும் மண்புழுவும் அதை மெல்ல மக்கச்செய்து, எடுத்ததில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்கும். அடுப்பில் வைத்தால் நைட்ரஜன் பெரும்பாலும் புகையோடு காற்றுக்கே போய்விடும். சாம்பல் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் மட்டும் சாம்பலில் தங்கும். அந்தச் சாம்பலைப் பெண்கள் வீட்டுக்குப் பின்னால் மேரக்காய்ப் பந்தலில் கொட்டுவார்கள். காய் ஏன் அப்படிக் காய்த்தது என்று இப்போது புரிகிறதா?

கடைசியில் ஒரு உடன்பாடு வந்தது. இலையும் சிறு குச்சியும் தோட்டத்துக்கு. தடித்த கட்டை அடுப்புக்கு. சத்து அதிகம் இருப்பது இலையில்தான் என்பதால் மண்ணுக்குப் பெரிய நஷ்டமில்லை.

இன்று பல வீடுகளில் கேஸ் வந்துவிட்டது. கவலை இப்போது வேறு. கொழுந்து விலை இறங்கினால் சிறு விவசாயி முதலில் குறைப்பது உரச் செலவை. கையில் காசு வந்தால் யூரியாவை மட்டும் வீசுகிறார். வருடக்கணக்கில் அதையே போட்டால் புளிப்பு மண் மேலும் புளிக்கும். தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரை கார அமில நிலை போதும். அதற்கும் கீழே போனால் வேர் திணறும், போட்ட உரமும் வீண். மண்ணைப் பரிசோதித்து, தேவையென்றால் கவ்வாத்துக்கு முன் டோலமைட் போடுவது நல்லது.

இந்த வருடம் கவ்வாத்து வெட்டுகிறவர்கள் இலையையாவது செடியடியில் விட்டுவையுங்கள். அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.