வெள்ளவத்தைக் கால்வாயும் வர்ணப் பென்சிலும்

பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் கொழும்புத் தாய்மாருக்குப் பெரிய கவலை, பிள்ளைகளுக்கு என்ன வேலை கொடுப்பது என்பதுதான். கொட்டாஞ்சேனையின் மாடி வீடுகளில் ஓடி விளையாட முற்றம் ஏது? ஆகவே வர்ணம் தீட்டும் கொப்பியும் சொற்புதிர்ப் புத்தகமும் வாங்கிக் கொடுக்கிறோம். நல்ல காரியம்தான். ஆனால் அவற்றைச் சற்றுப் புரட்டிப் பாருங்கள். ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, கங்காரு, பனிக்கரடி! இவற்றில் ஒன்றேனும் இலங்கைக் காட்டில் உண்டா?

ஒரு நாள் காலையில் பிள்ளைகளோடு பஸ் ஏறி வெள்ளவத்தைக்கு வாருங்கள். பம்பலப்பிட்டியைக் கடந்ததும் காலி வீதியில் ஒரு பாலம் வரும். அதன் கீழுள்ள கால்வாய் அருகிலேயே கடலில் கலக்கிறது. இன்னும் தெற்கே போனால் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை. 1936ஆம் ஆண்டு அரசாங்கம் பொறுப்பேற்றது. அங்கே டிக்கெட் வாங்க வேண்டும். கால்வாய்க்கரையில் காசில்லாமலே பார்க்கலாம்.

கொக்கும் நீர்க்காகமும் மீனுக்குக் காத்திருக்கும். மீன்கொத்தியைக் கண்டால் நிறங்களைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்: தலை கபிலம், தொண்டை வெள்ளை, முதுகு நீலம், அலகு சிவப்பு. கரையில் கபரக்கொய்யா வெயில் காயும். கறுத்த உடலில் மஞ்சள் புள்ளிகள்.

வீட்டுக்கு வந்ததும் புதிரை நீங்களே தயாரியுங்கள். கொப்பியில் பத்துக்குப் பத்துக் கட்டம் கீறுங்கள். ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. புள்ளி எழுத்துக்கும் தனிக் கட்டம் வேண்டும். ‘கொக்கு’ மூன்று கட்டம், ‘மீன்கொத்தி’ ஐந்து, ‘நீர்க்காகம்’ ஆறு. மீதிக் கட்டங்களில் வேறு எழுத்துகளை நிரப்பிவிட்டால் புதிர் தயார். மெய்யெழுத்தில் தடுமாறும் பிள்ளைக்கு இது நல்ல எழுத்துப் பயிற்சியுமாகும்.

இது வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணிவிடாதீர்கள். கபரக்கொய்யாவைக் கண்டதும் நம் சிறுவர்களின் கை கல்லைத் தேடுகிறது. எலியையும் செத்த பிராணிகளையும் தின்று சுற்றாடலைச் சுத்தம் செய்யும் உயிர் அது. மடக்கினால் கடிக்கும், வாலால் அடிக்கும். எட்ட நின்று பார்த்தால் தன் வழியே போய்விடும். கொழும்பைச் சூழ்ந்த ஈரநிலங்களில் மீன்பிடிப் பூனையும் வாழ்கிறது. சிங்களத்தில் ‘ஹந்துன் திவியா’ என்பார்கள். இரவில் நடமாடும் அதைச் சிறுத்தைக் குட்டி என்று அஞ்சுவோரும் உண்டு. வாகனத்தில் அடிபட்டும் அது இறக்கிறது.

2018ஆம் ஆண்டு ராம்சார் சமவாயம் உலகில் முதன்முதலாக 18 நகரங்களை ஈரநில நகரங்களாக அங்கீகரித்தது. அவற்றில் கொழும்பும் ஒன்று. மழை வெள்ளத்தைத் தாங்கிக்கொள்ளும் அந்தச் சதுப்பு நிலங்களை மண் போட்டு நிரப்பினால் பூனைக்கு வீடு போகும், நம் வீட்டுக்குள் வெள்ளம் வரும்.

பெற்றோர்களே, பெயர் தெரிந்து, நிறம் பார்த்து, தன் கையால் வர்ணம் தீட்டிய உயிரின் மீது பிள்ளை எளிதில் கல்லெறியாது. அடுத்த விடுமுறைக்குக் கொப்பி வாங்கும்போது, படமில்லாத வெறும் கொப்பியாகவே வாங்குங்கள்.