காடாறு மாதம்

எங்கள் ஐவரில் ஒருவர் கதை எழுதி முடித்துவிட்டால், மற்ற நான்கு பேர் வீட்டிலும் அன்றைக்குப் பாயசம். இருபது வருட வழக்கம் இது. நாகர்கோவில் வாத்தியார் தன் கடைசி அத்தியாயத்தை ஒரு மத்தியானம் முடித்தார். அப்போது டொரொன்டோவில் விடியற்காலை மூன்று மணி. எங்கள் யாழ்ப்பாணத்துத் தங்கை எழுந்து அடுப்பு மூட்டிச் சேமியா வறுத்தாள். மயிலாப்பூரில் நானும் கிண்டிக்கொண்டிருந்தேன். "யாருக்கு என்ன விசேஷம்?" என்று மாமியார் கேட்டார். "நாகர்கோவில் சார் ஒரு ராஜ்ஜியத்தைக் கரை சேர்த்துட்டார்ம்மா" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்து, முந்திரி இன்னும் நாலு போடச் சொன்னார்.

நாங்கள் எழுதுவது மாயக்கதைகள். 2004 வாக்கில் இணையத்தில் சேர்ந்தோம். யாஹூவில் தமிழ்க் குழுக்கள் கலகலவென்று இருந்த காலம். 'மரத்தடி' ஒன்று. இரா. முருகன் நடத்திய 'ராயர் காப்பி கிளப்' இன்னொன்று. அந்தப் பெயரைக் கேட்டால் மயிலாப்பூர்க்காரிக்கு அருண்டேல் தெரு ராயர் கடை இட்லியும் கெட்டிச் சட்னியும்தான் முதலில் நினைவுக்கு வரும். யூனிகோடு இன்னும் பரவவில்லை. ஒருவர் திஸ்கி குறியாக்கத்தில் அனுப்புவதை இன்னொருவர் கணினி கட்டமும் கேள்விக்குறியுமாகக் காட்டும். "எழுத்து உடைஞ்சு வருதோ அக்கா?" என்பதுதான் டொரொன்டோத் தங்கை என்னிடம் கேட்ட முதல் கேள்வி. அவள் கதையைப் படிப்பதற்கு முன்னால் அவள் எழுத்துருவை இறக்கி ஒட்டவைக்க மூன்று இரவுகள் ஆயின. ஒருத்தியின் கதையில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே அதற்காகக் கண்விழித்த அந்த மூன்று இரவுகளில்தான் எங்கள் சிநேகம் கூடியது என்று நினைக்கிறேன்.

குழுவுக்கு ஒரே ஒரு விதி. அது விக்கிரமாதித்தன் கதையிலிருந்து எடுத்தது.

அந்தக் கதையில் வரும் பட்டியை எல்லோரும் மந்திரி என்பார்கள். எனக்கு அவன் கதை உலகத்தின் உத்தம சிநேகிதன். ராஜாவுக்கு வரமாகக் கிடைத்தது ஆயிரம் வருஷ ஆட்சி. பட்டி காளியிடம் வாங்கி வந்ததோ இரண்டாயிரம் வருஷ ஆயுள். நண்பன் போன பிறகு மிச்சம் ஆயிரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய? வழியையும் பட்டியே சொன்னான். சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கும் நாள்தானே ஆட்சிக் கணக்கில் சேரும்? ஆறு மாதம் நாட்டில் இரு, ஆறு மாதம் காட்டில் இரு, ஆயிரம் இரண்டாயிரமாகிவிடும்.

எங்களுக்கும் நாடாறு மாதம், காடாறு மாதம் உண்டு. ஆறு மாதம் தன் கதையை எழுதலாம். அடுத்த ஆறு மாதம் தன் கையெழுத்துப் பிரதியைத் தொடக்கூடாது. மற்றவர் எழுதுவதைப் படிக்க வேண்டும், அதில் வாழ வேண்டும். முதல் வருஷம் காடாறு மாதம் எனக்குத் தண்டனையாக இருந்தது. என் கதாநாயகி ஒரு சுரங்கத்தில் பாதி வழியில் நின்றுகொண்டிருந்தாள். ஆறு மாதம் கழித்துத் திரும்பியபோது அந்தச் சுரங்கமே தேவையில்லை என்று தெரிந்தது. பிறர் உலகத்தில் குடியிருந்து திரும்பும் கண்ணுக்கு மட்டும் தெரிகிற பிசகுகள் அவை.

படிப்பது என்றால் பாராட்டுவது அல்ல. தி.நகர் அண்ணாவிடம் நான் கற்றது இது. ரங்கநாதன் தெருப் பக்கம் ஒரு மொத்த வியாபாரப் பாத்திரக்கடையில் கணக்கு எழுதியவர். எந்த மந்திரத்தைக் காட்டினாலும் வரவு, செலவு என்று இரண்டு பத்தி போட்டுவிடுவார். என் கதைப் பெண் மலை உச்சியிலிருந்து கோட்டைக்குப் பறந்தாள். "பறக்கட்டும்மா, சந்தோஷம். எறங்கினதும் அவளுக்குப் பசிக்குமா பசிக்காதா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் என் நாவல் மாறிப்போனது. பறந்தவளுக்குப் பசித்தது. பசித்தவள் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினாள். கதை அந்த வீட்டுக்குள் போய்விட்டது.

இந்த வித்தையில் நமக்கெல்லாம் ஆசான் புதுமைப்பித்தன். 1943-இல் அவர் எழுதிய 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கடவுளோடு தொடங்கவில்லை. பிராட்வே முனையில் நின்று, டிராமில் போனால் எவ்வளவு, நடந்தால் மிச்சம் எவ்வளவு, அதில் வெற்றிலை போடலாமா என்று பிள்ளை போடும் மனக்கணக்கில் தொடங்குகிறது. காலணாக் கணக்கை நம்பிவிட்ட வாசகன், பின்னால் வந்து நிற்கும் கடவுளையும் நம்புகிறான். அந்தக் கடவுள் காப்பி குடிக்கிறார், சித்த வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா கட்டுகிறார். மாயக்கதை எழுத வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் படிக்கச் சொல்வது இதைத்தான்.

சொல் இன்னொரு சிக்கல். 'மந்திரம்' என்று எழுதினால் தமிழ் வாசகர் மூக்கில் கற்பூரம் மணக்கிறது. நாம் கட்டுகிற புது உலகத்துக்குள் பழைய கோயில் ஒன்று தானாக எழும்பிவிடுகிறது. நாகர்கோவில் சார் தன் கடல் ராஜ்ஜியத்துக்கு அந்தச் சொல்லே வேண்டாம் என்று முடிவு செய்து, மீனவர்கள் காற்றுக்கு வைத்திருக்கும் பெயர்களை எடுத்துக்கொண்டார். வாடை, கொண்டல், கச்சான். டொரொன்டோத் தங்கை தன் பங்குக்குச் சோழகத்தைத் தந்தாள். கூடவே, "கச்சான் எண்டால் எங்கட ஊரில காத்தும்தான், கடலையும்தான் சார்" என்றாள். சார் ஒரு வாரம் பதில் போடவில்லை. அடுத்து வந்த அத்தியாயத்தில் காற்றை அழைக்கும் கிழவர் மடியில் வறுத்த கடலை இருந்தது. ஒவ்வொரு காற்றுக்கும் ஒரு கைப்பிடி கொறித்துவிட்டுத்தான் கூப்பிடுகிறார். அந்தக் கிழவரை எனக்கு எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியும்.

ஒரே மாதத்தில் 50,000 சொல் எழுதும் வழக்கம் அமெரிக்காவில் 1999-இல் 21 பேரோடு தொடங்கி உலகமெல்லாம் பரவியது. நாங்களும் ஒரு வருஷம் இறங்கினோம். ஆங்கிலம் ஐந்தாறு சொல்லில் சொல்வதைத் தமிழ் 'போயிருக்கவேண்டியதில்லை' என்று ஒரே மூச்சில் முடித்துவிடும். அண்ணா கணக்குப் போட்டு, நமக்கு 30,000 போதும் என்றார். நான்கு பேர் எட்டினோம். ஐந்தாமவரான கோட்டூர்புரம் அக்கா 11,000-இல் நின்றார். நின்ற இடத்தில் இருந்த பக்கங்கள் எங்கள் எல்லோருடையதையும்விட நன்றாக இருந்தன. அன்றும் பாயசம் வைத்தோம்.

அக்காவைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தொலைபேசி இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். கோட்டூர்புரத்தில் தரைத்தள வீடு. கணினியில் தட்டினாலும் தன் உலகத்தின் குறிப்புகளை மைப்பேனாவால்தான் எழுதுவார். அண்ணா கொடுத்த நான்கு பேரேடுகள் நிறைய ஆறுகள், ஊர்கள், குலங்கள், வழக்குகள், பண்டிகைகள். பதினோரு வருஷ உழைப்பு. 2015 டிசம்பர் 1 இரவு, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்திருந்தார்கள். அடையாறு கரை மீறிக் கோட்டூர்புரத்துக்குள் வந்தது. மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. நான்கு நாள் அக்காவிடமிருந்து ஒரு சொல் இல்லை. ஐந்தாம் நாள் அண்ணா சேற்றில் நடந்து போய்ப் பார்த்தார். அக்கா பத்திரமாக மாடியில் இருந்தார். கணினி போயிற்று. பேரேடுகள் சேற்றுக்கட்டிகளாக இருந்தன. பிரித்த பக்கங்களில் நீலம் ஓடியிருந்தது, எழுத்து இல்லை.

"போகட்டும்மா, உயிரோட இருக்கோமில்ல" என்று எனக்கு ஒரு வரி வந்தது. அதற்கப்புறம் இரண்டு மாதம் கதையைப் பற்றி அவர் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை. வெள்ளத்தில் வீட்டையே இழந்தவர்கள் இருந்த ஊரில், இல்லாத ஊர் ஒன்று மூழ்கியதற்கு எப்படித் துக்கம் கேட்பது?

பிப்ரவரியில் அண்ணா எங்கள் மூவருக்கும் எழுதினார். அக்காவின் உலகத்தில் தனக்கு நினைவிருப்பதையெல்லாம் எழுதப்போவதாகவும், நாங்களும் எழுத வேண்டும் என்றும், ஒருவர் எழுதுவதை இன்னொருவர் பார்க்கக்கூடாது என்றும். எழுதினோம். பதினோரு வருஷக் காடாறு மாதங்களுக்கு அப்போதுதான் பொருள் தெரிந்தது. அண்ணாவுக்கு விலைவாசி முழுக்க நினைவிருந்தது. நாகர்கோவில் சாருக்கு ஊர்களுக்கு இடையில் எத்தனை நாள் நடை என்பது. தங்கைக்குப் பெண்களின் பெயர்கள், ஐந்து தலைமுறைக்கு. எனக்குச் சமையலும் பண்டிகைகளும். சேர்த்துக் கட்டினால் இருநூறு பக்கத்துக்கு மேல் வந்தது. தெற்குக் கோட்டைக்கு எத்தனை வாசல் என்பதில் நான்கு பேருக்கும் நான்கு பதில்.

2016 பங்குனியில், அறுபத்துமூவர் உற்சவத்தன்று காலையில் அக்காவை மயிலாப்பூருக்கு வரச்சொன்னோம். அன்றுதான் குளக்கரையில் பூம்பாவை எழுந்த கதையை நடத்திக் காட்டுவார்கள். பாம்பு தீண்டி இறந்த மகளின் சாம்பலைச் சிவநேசர் ஒரு குடத்தில் வைத்திருந்தார். சம்பந்தர் பதிகம் பாடி அவளை எழுப்பினார். சின்ன வயதிலிருந்து பார்த்து வருகிறேன். அந்தப் பதிகம் எப்படி அழைக்கிறது என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று ஊர் விழாக்களை வரிசையாகச் சொல்லி, இதையெல்லாம் பார்க்காமலா போகப்போகிறாய் என்று கேட்கிறார். சாம்பலிடம் ஊரின் நாட்காட்டியை எடுத்துச் சொல்கிறார், அவ்வளவுதான். எழுந்துவிடுகிறாள்.

என் மடியில் கட்டு இருந்தது. அதில் நான் எழுதியிருந்ததும் பெரும்பாலும் பண்டிகைகள்.

கூட்டத்திலிருந்து விலகி ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். அக்கா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார். வெகுநேரம் பேசவில்லை. பிறகு விரலை ஒரு வரியில் வைத்தார்.

"ஓடக்காரன் கூலிக்குப் புளியங்கொட்டை வாங்குறான்னு யார் எழுதினது?"

"நான்தான் அக்கா."

"நான் உப்புன்னு எழுதியிருந்தேன்."

எனக்கு முகம் வாடிவிட்டது. திருத்திவிடலாம் என்றேன்.

"வேண்டாம்மா" என்றார். "உப்பு தண்ணியில கரைஞ்சிரும். கொட்டையே இருக்கட்டும்."

அதன்பின் ஐந்து வருஷம் எழுதினார். நடுவில் ஒரு பதிப்பகம், மாயக்கதை குழந்தைகளுக்குத்தானே, பெரியவர்களுக்கு யார் வாங்குவார்கள் என்று திருப்பி அனுப்பியது. அம்புலிமாமா வேதாளத்தை இன்றும் மறக்காத பெரியவர்கள் நிறைந்த நாட்டில் இப்படி ஒரு பதில். ஆங்கில மாயக்கதைக்காரர் டால்கீனுக்கு அவர் நண்பர் லூயிஸ் வெகுகாலம் ஒரே வாசகராக இருந்தார் என்றும், அந்த ஊக்கம் இல்லாவிட்டால் தன் பெருநூலை முடித்திருக்கவே மாட்டேன் என்று டால்கீனே சொன்னார் என்றும் தங்கை அக்காவுக்கு எழுதினாள். "உங்களுக்கு நாலு பேர் இருக்கிறம் அக்கா" என்று முடித்திருந்தாள். 2019 டிசம்பரில் யாஹூ குழுக்களின் பழைய மடல்கள் அழிக்கப்பட்டபோது யாரும் பதறவில்லை. அண்ணா ஏற்கெனவே எல்லாவற்றையும் அச்செடுத்துப் பாத்திரக்கடை அட்டைப்பெட்டியில் கட்டி மாடியில் வைத்திருந்தார்.

புத்தகம் வேறொரு பதிப்பகத்தில் வந்தது. 2023 ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானப் புத்தகக் காட்சியில் நாங்கள் ஐந்து பேரும் முதன்முறையாக ஒரே இடத்தில் நின்றோம். தங்கை விமானத்தில் வந்திருந்தாள். பத்தொன்பது வருஷப் பழக்கத்தில் அவள் உயரம் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தெற்குக் கோட்டைக்குப் புத்தகத்தில் ஐந்து வாசல். எங்கள் நால்வருக்கும் ஆளுக்கொன்று விட்டு, ஐந்தாவதைத் தனக்கு வைத்துக்கொண்டிருந்தார் அக்கா.

இப்போது எனக்குக் காடாறு மாதம். தங்கையின் புது நாவல் படிக்கிறேன். போன வாரம் வந்த அத்தியாயத்தில் ஒரு பெண் பனி உறைந்த ஏரிக்கரைக்கு வருகிறாள். கடத்திவிடக் கூலி கேட்கிறார்கள். மடியை அவிழ்த்து மூன்று புளியங்கொட்டைகளை எடுத்து நீட்டுகிறாள். அது அக்காவின் உலகத்துக் காசு. இந்தக் கரையில் செல்லுமா என்று அண்ணாவிடம் கேட்டிருக்கிறோம். பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.