இருபத்தெட்டு நாள் செல்வந்தர்

2025ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு மாலை, தேவதானத்திலிருந்து ஓர் அன்பர் என்னைத் தேடி வந்தார். மலையடிவாரத்தில் சிறிது நெல்வயலும் ஒரு வீடும் உடைய உழவர். அவருடைய மகளுக்கு இங்கிலாந்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. ஆயினும் அவர் முகத்தில் மகிழ்ச்சியில்லை.

"சாமி, கோவில் கட்டடப் பணம் வங்கியில் சும்மாதானே கிடக்கிறது? ஒரே ஒரு மாதம் என் கணக்கில் போட்டுத் தாருங்கள். அப்படியே திருப்பித் தந்துவிடுகிறேன்" என்றார்.

திடுக்கிட்டேன். விசாரித்தபின்தான் விவரம் புரிந்தது. மாணவர் விசா கேட்போர், கட்டவேண்டிய முதலாண்டுக் கட்டணத்தோடு வாழ்க்கைச் செலவுக்கும் பணம் காட்ட வேண்டும். அவ்வாண்டுத் தொடக்கத்தில் இலண்டனுக்கு வெளியே படிப்போர்க்கு அது மாதம் 1,136 பவுன். 9 மாதங்களுக்கு 10,224 பவுன். நம் பணத்தில் ஏறக்குறைய 11 லட்சம் ரூபாய்! அத்தொகை தொடர்ந்து 28 நாட்கள் மாணவர் அல்லது பெற்றோர் கணக்கில் குறையாமல் இருத்தல் வேண்டும். சித்தப்பாவின் பணம் செல்லாது. வயலும் நகையும் கணக்கில் வாரா.

கமிஷன் பெற்றுக்கொண்டு 28 நாளைக்குப் பணம் போட்டு எடுக்கும் தரகர் ஒருவரை யாரோ காட்டினார்களாம். அதற்கு அஞ்சியே என்னிடம் வந்திருக்கிறார்.

எனக்கு என் தந்தையின் நினைவு வந்தது. என் படிப்புச் சலுகைக்காக வருமானச் சான்று வேண்டி, ஓர் அலுவலகத் திண்ணையில் மூன்று நாள் காத்திருந்தவர் அவர். ஏழை என்று மெய்ப்பிக்க அவர் காத்திருந்தார். செல்வர் என்று மெய்ப்பிக்க இவர் தவிக்கிறார்.

"பங்கு மக்களின் பணத்தை உங்கள் பணமென்று காட்டுவது பொய்யாகும், அதற்கு நான் துணைபோக இயலாது. ஏமாற்று வெளிப்பட்டால் பத்தாண்டுகள் அந்நாட்டு வாசல் உங்கள் மகளுக்கு அடைபடும்" என்றேன். அவர் தலை கவிழ்ந்தது. அவ்வளவில் அவரை அனுப்பியிருந்தால், என் நேர்மைக்கு அவர் மகள் விலை கொடுத்திருப்பாள்.

மறுநாள் இருவரும் வங்கிக்குச் சென்றோம். மாணவியின் படிப்புக்கென்றே கடன் வழங்கப்படுவதாக முறையான வங்கியொன்று தரும் கடிதத்தை இங்கிலாந்து ஏற்கிறது. விண்ணப்பத்துக்கு முந்திய ஆறு மாதங்களுக்குள் அக்கடிதம் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். அதற்கு 28 நாள் காத்திருப்பும் தேவையில்லை. விளைநிலத்தை ஈடாகப் பெற வங்கியினர் தயங்கினர், வீட்டை ஏற்றனர்.

வீட்டுப் பத்திரத்தைக் கொடுத்தபோது அவர் கை நடுங்கியதைக் கண்டேன். "திரும்ப வாங்கிவிடலாமா சாமி?" என்றார். உறுதி கூற எனக்கு வாயெழவில்லை.

அவ்வாண்டு செப்டம்பரில் மகள் புறப்பட்டாள். கடன் இன்னும் இருக்கிறது. ஆனால் அவர்கள் காட்டிய தாளில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. பெற்றோரே, பிள்ளைக்கு இடம் கிடைத்தபின் பணத்துக்கு அலையாதீர்கள். விண்ணப்பிக்கும் முன்பே வங்கியைக் கேளுங்கள். பங்குக் குருக்களாகிய நாமும் "முடியாது" என்று சொன்னபின், அவர்களோடு வங்கிவரை நடந்து செல்வோம்.