விரால் போடும் கணக்கு

மதுரைன்னதும் மல்லியும் ஜிகர்தண்டாவும்தான் ஞாபகத்துக்கு வரும். சித்திரை, வைகாசியில் ஒருநாள் மேலூர் பஸ் ஏறிப் பாருங்க. வழியில் உலகனேரி. கண்மாயா இருந்த இடத்தில் 2004-ல் திறந்த ஹைகோர்ட் கிளை நிற்கும். அதைத் தாண்டி மேலூர் பக்கத்துக் கிராமங்களுக்குப் போனா, தண்ணி வற்றிய கண்மாய்களில் மீன்பிடித் திருவிழா! கரையில் பெரியவர் ஒருத்தர் வெள்ளைத் துண்டை வீசினதும் ஊரே ஊத்தாவும் கையுமா சேற்றில் இறங்கிடும். (ஊத்தான்னா அடியில்லாத கூடை. மீன் மேல கவுத்து, மேல் வாய் வழியா கையை விட்டுத் துழாவணும்.) விரால் மாட்டினா விசில் பறக்கும்!

மீன்கள் பாடுதான் திண்டாட்டம். 20 டிகிரி தண்ணியில் லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 35 டிகிரியில் 7 தேறுவதே கஷ்டம். ஆனா 10 டிகிரி சூடு ஏறினா மீனோட ஆக்சிஜன் தேவை ஏறக்குறைய இரண்டு மடங்கு. வரவு குறையும்போது செலவு எகிறுது... ஹாஸ்டல்ல நம்ம மாசக்கடைசி மாதிரி. ராத்திரியில் பாசியும் ஆக்சிஜனை இழுத்துக்கும். அதான் விடியற்காலையில் கெண்டைகள் வாயைப் பிளந்துகிட்டு மேலே மிதக்குது.

விராலுக்குத் தலைக்குள் ஒரு காற்றறை உண்டு. மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிட்டுப் போகும். இஷ்டப்பட்டா இல்லை, வந்தே ஆகணும். தடுத்தா செத்துடும். மீன் தண்ணியில் மூழ்கிச் சாகுமா? சாகும்!

அந்த மூச்சுக்கு என்ன செலவுன்னு அளந்ததும் மதுரையில்தான். ஊருக்கு மேற்கே தேனி ரோட்டில் 13 கிலோமீட்டர் போனா பல்கலை நகர். காமராசர் பெயர் சேருவதற்கு முன்னாடி, 1976-ல், இந்தப் பல்கலைக்கழகத்தின் டி.ஜே. பாண்டியனும் விவேகானந்தனும் விரால் ஆய்வை வெளியிட்டாங்க. வெவ்வேறு ஆழத்தில் தண்ணி ஊத்திய தொட்டிகள். உள்ளே சின்ன விரால்கள். ஆழம் கூடினா ஒவ்வொரு மூச்சுக்கும் நீந்தும் தூரம் கூடுது. தின்ற சோற்றில் பெரும்பங்கு நீச்சலுக்கே போய், வளர்ச்சி குறைஞ்சுது. பட்டினி போட்ட மீன்களோ நீச்சலையே குறைச்சுக்கிட்டுச் சிக்கனம் பிடிச்சுது! பாண்டியனுக்கு 1984-ல் பட்நாகர் விருது கிடைச்சுது.

கண்மாய் வத்தினப்புறமும் விரால் லேசில் விடாது. ஈரச் சேற்றுக்குள் புதைஞ்சு, அசையாம மழைக்குக் காத்துக் கிடக்கும். சேறு காய்ஞ்சு வெடிச்சுட்டா அதுக்கும் வழியில்லை.