வயோமிங்கில் ஒரு வீட்டு உறுதி

கணவரை இழந்த என் தங்கை அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் வீடு வாங்கியபோது துணைக்குப் போயிருந்தேன். இலங்கையைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு பரப்பு. 2020 கணக்கெடுப்பின்படி சனத்தொகையோ ஆறு இலட்சத்துக்கும் குறைவு.

லாண்டர் என்ற சிற்றூருக்கு வெளியே ஒரு மரவீடு பார்த்தோம். கூப்பிடு தூரத்தில் அயல் இல்லை. தங்கை சமையலறையைப் பார்த்தாள். நான் குழாய்க் கிணற்றைப் பார்த்தேன். தண்ணீர் நல்லதுதான். ஆனால் பழைய உறுதியை வாசித்தபோது, நிலத்தின் மேற்பரப்பு மட்டுமே எங்களுக்கு, அடியிலுள்ள கனியங்கள் அரசுக்கு என்றிருந்தது. 1916ஆம் ஆண்டுச் சட்டப்படி குடியேறியோருக்கு வழங்கிய காணிகள் அப்படித்தானாம்.

"அப்ப ஒருநாள் வந்து கிண்டுவினமோ அக்கா?"

அவள் குரல் நடுங்கியது. ஒருமுறை வளவை விட்டு ஓடியவள் அல்லவா! அதை விட்டுவிட்டு, ஊருக்குள் சிறிய வீடொன்றை, பதிவுகளை முழுதாக வாசித்தபின் அவள் பெயரிலேயே வாங்கினோம். மணமான பெண் தன் சொத்தைத் தானே வைத்திருக்க 1869இலேயே சட்டம் இயற்றிய மண் அது. வாக்குரிமை கொடுத்ததும் அதே ஆண்டில்தான்.

உறுதி பதிந்த அன்று பிரதியொன்றை என்னிடம் தந்தாள். "உங்களிட்டயும் ஒன்று இருக்கட்டும்" என்றாள்.

சகோதரிகளே, காணி எங்கிருந்தாலும் கையெழுத்திடுமுன் உறுதியை வாசியுங்கள். பிரதியொன்றை வேறிடத்திலும் வைத்திருங்கள்.