காரை நீட்டணுமா, சுருக்கணுமா?

ஆம்பூர் சந்துக்குள்ள தோல் லோடு ஏத்தின லாரி திரும்பறதைப் பார்த்திருக்கீங்களா? முன்னே, பின்னேன்னு நாலு தடவை போய் வரும். பின்னாடி நிக்கிற ஷேர் ஆட்டோ ஹாரன் அடிச்சே உயிரை வாங்கும். லாரி நகர்ந்ததும் ஒரே வெட்டுல திரும்பிப் பறந்துடும். டிரைவர் திறமை ஒரு பக்கம் இருக்கட்டும், விஷயம் வீல்பேஸ்ல இருக்கு பாஸ். அதாவது, முன் சக்கர அச்சுக்கும் பின் சக்கர அச்சுக்கும் நடுவுல உள்ள தூரம்.

எங்க காலேஜ் ரேஸ் கார் டீம்ல ராத்திரி ஒரு மணி வரைக்கும் சண்டை நடக்கிறதும் இதுக்குத்தான். கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கிற 'ஃபார்முலா பாரத்' மாதிரி மாணவர் போட்டிகள்ல வீல்பேஸ் குறைஞ்சது 1,525 மி.மீ. இருக்கணும். (மாருதி 800-க்கு 2,175!) அதுக்கு மேல எவ்வளவு வேணும்னாலும் நம்ம இஷ்டம். வம்பே அங்கதான்!

அந்தப் போட்டியில 'ஸ்கிட்பேட்'னு ஒரு டெஸ்ட். லைசென்ஸுக்கு பைக்ல எட்டு போட்டிருப்பீங்களே, அதேதான், கொஞ்சம் வெறித்தனமா! சுமார் 9 மீட்டர் ஆரமுள்ள வட்டம். 1,525 கார்னா முன் சக்கரத்தை ஒன்பதரை டிகிரி திருப்பினா போதும். 1,700-னா பத்தரை. ஒரு டிகிரிதானேன்னு சிரிக்காதீங்க. நீளமான கார்ல வெயிட்டும் தள்ளித் தள்ளிப் போயிடும், மூக்கு திரும்பவே யோசிக்கும்.

அப்போ குட்டையா செஞ்சுடலாமேங்கறீங்களா? பிரேக் போட்டுப் பாருங்க. டிரைவரோட சேர்த்து 300 கிலோ, எடையோட மையம் தரையிலிருந்து 30 செ.மீ. உயரம்னு வெச்சுக்குங்க. ஒரு 'ஜி' அளவுக்கு வேகம் குறையற மாதிரி பிரேக் அடிச்சா, 1,525 கார்ல பின்னாடியிருந்து 59 கிலோ முன்னாடி பாயும். 1,700-ல 53 கிலோதான். பின் சக்கரம் லேசானா பம்பரம்தான்!

ஃபார்முலா ஒன்லயும் இதே பஞ்சாயத்துதான். நீளமான தரை இருந்தா காத்து காரை நல்லா அமுக்கும். ஆனா மொனாக்கோ மாதிரி ஒடுக்கமான தெருவுல அவஸ்தை. 2022-ல 3,600 மி.மீ.ன்னு உச்சவரம்பு வெச்சவங்க, 2026-க்கு 3,400 ஆக்கிட்டாங்க.

எங்க கதைக்கு வருவோம். எங்க பெஸ்ட் டிரைவர் ஆறடி. 1,525-ல உட்கார்ந்தா முழங்கால் ஸ்டீயரிங்ல இடிக்குது. நீட்டினா அவன் ஓட்டுவான், சுருக்கினா வேற ஆள் தேடணும். இந்த வாரம் பைப் வெட்டணும். வெல்டிங் வெச்சுட்டா இந்த வருஷத்துக்கு அவ்வளவுதான். என் ஓட்டு 1,575-க்கு. சஸ்பென்ஷன் பார்க்கிறவ 1,540-க்கு மேல ஒரு மில்லிமீட்டர்கூடத் தர மாட்டேங்கறா. ஆறடிக்காரன் இன்னும் வாயே திறக்கலை.