நாலெல்லைக்கு வெளியே

கண்ணு, போன வாரம் நம் நிலப் பத்திரத்தை நீ வாசித்தபோது நான் திண்ணையில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். வடக்கே வாய்க்கால், தெற்கே பங்காளி நஞ்சை, கிழக்கே வண்டிப்பாதை, மேற்கே களத்துமேடு என்று நாலெல்லையும் வாசித்து முடித்தாய். காகிதத்தை மடித்துக்கொண்டே ஒன்று கேட்டாய்: "வேடந்தாங்கல்காரங்க எரு கிடைக்குதுன்னுதானே தாத்தா பறவையைக் காப்பாத்தினாங்க? அதுல என்ன பெருமை இருக்கு?"

அன்றைக்கு எனக்கு வாய் எழவில்லை. வேடந்தாங்கல் ஏரித் தண்ணீரில் விளைந்ததைத்தான் நாலு தலைமுறையாக நம் வீட்டில் உண்கிறோம். உன் கேள்விக்கு முறையாகப் பதில் சொல்லாமல் விட்டால் அது என் குற்றம்.

முதலில் என் கதையைக் கேள். எழுபதுகளின் தொடக்கம், எனக்கு இருபது வயது. ஊருக்குள் யூரியா மூட்டை வந்து இறங்கிய காலம். நவரைப் பட்டத்துக்கு நடவு முடித்திருந்தோம். உன் கொள்ளுத்தாத்தா உரம் போட மாட்டேன் என்றார். "மதகுத் தண்ணி வருதுடா, அது போதும்." எனக்குக் கோபம். ஊரெல்லாம் போடும்போது நாம் மட்டும் கொக்கு எச்சத்தை நம்பிக்கொண்டிருப்பதா? அவர் இல்லாத நாளில் கடனுக்கு வாங்கி வந்து இரண்டு தடவை வீசிவிட்டேன். பயிர் கருகருவென்று எழுந்தது. வரப்பில் நின்று பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதிர் வாங்கும் நேரத்தில் புகையான் விழுந்தது. மிஞ்சியது ஒரு காற்றுக்கே தரையோடு சாய்ந்துவிட்டது. அப்போது நட்டிருந்தது உயரமாக வளரும் நாட்டு ரகம், அதற்கு அவ்வளவு தழைச்சத்து ஆகாது. களத்தில் தூற்றினால் பாதி பதர். அவர் என்னைத் திட்டவில்லை. மதகடிக்குக் கூட்டிப்போய், தண்ணீரைக் கையில் அள்ளி, "இதுல என்ன வருதுன்னு தெரியாம நீ என்னத்தப் போட்ட?" என்று மட்டும் கேட்டார். ஐம்பது வருஷமாக அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

தண்ணீரில் என்ன வருகிறது என்று தெரிய, ஊர் இருக்கும் விதம் தெரிய வேண்டும். நம் செங்கல்பட்டுச் சீமையில் வருஷம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. பாலாறுகூட மணலாகத்தான் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிற மழையைப் பிடித்து வைத்தால்தான் பிழைப்பு. அதனால் நிலம் சரிகிற பக்கமெல்லாம் கரை போட்டார்கள். மேல் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால், அந்தத் தண்ணீர் கீழ் ஏரிக்குப் போகும். சின்ன ஏரியைத்தான் தாங்கல் என்பது. வேடர்கள் இருந்த தாங்கல் என்பதால் வேடந்தாங்கல் என்று பேர் வந்ததாகச் சொல்வார்கள். வேட்டைக்குப் பேர்போன இடம் பறவைக்குக் காவலாக மாறியதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறையும்.

ஏரி பெரியதில்லை, சுமார் 75 ஏக்கர்தான். உள்ளே கடப்ப மரங்கள், கருவேல மரங்கள். தண்ணீரில் இடுப்பளவு நின்றாலும் கடப்பமரம் சாகாது. மழைக்குப் பின்னால் கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், நீர்க்காகம், வக்கா எல்லாம் வந்து கூடு கட்டும். சுற்றித் தண்ணீர் இருப்பதால் நரியும் நாயும் மரத்தடிக்கு வர முடியாது. ஆனால் அத்தனை குஞ்சுக்கும் இரை இந்தச் சின்ன ஏரியில் ஏது? தாய்ப்பறவைகள் விடியலில் கிளம்பி, அக்கம்பக்கத்து ஏரி, குளம், நஞ்சை எல்லாம் மேய்ந்து மீனும் நத்தையும் பொறுக்கி வரும். தின்றது எங்கேயோ, எச்சம் விழுவது இங்கே. பத்து ஊர் நிலத்தின் சாரத்தை மூக்கில் கொத்தி வந்து ஒரே ஏரியில் கொட்டுகிறது போல. தழைச்சத்தும் மணிச்சத்தும் கரைந்த அந்தத் தண்ணீர்தான் மதகு வழியாக நம் வயலுக்கு வருகிறது. அதன் மேல் நான் யூரியா வீசினேன்.

இதை நம் முன்னோருக்கு மண் பரிசோதனை செய்து யாரும் சொல்லவில்லை. பறவை நிறைய வந்த வருஷத்து விளைச்சலையும், வராத வருஷத்து விளைச்சலையும் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து வைத்திருந்தார்கள். ஒன்றை அத்தனை காலம் விடாமல் கவனித்தவர்களுக்கு அதன்மேல் பாசம் வராமல் போகுமா? கறவை மாட்டின் மடியையும் பார்ப்போம், அது கன்று போடும் ராத்திரி தொழுவத்தில் விழித்தும் கிடப்போம். இது பயனுக்கு, இது பாசத்துக்கு என்று நம் வீட்டில் யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. நீ பிரிக்கிறாயே, அதுதான் எனக்கு வருத்தம்.

கும்பெனிக் காலத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரியில் வந்து பறவைகளைச் சுட்டார்கள். ஊர்க்காரர்கள் செங்கல்பட்டுச் சீமைக் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். அப்போதைய கலெக்டர் லயோனல் பிளேஸ். மதுராந்தகம் ஏரிக்கரையை ராமரும் லட்சுமணரும் வில்லேந்திக் காவல் நின்றதைக் கண்டதாக, ஏரி காத்த ராமர் கோயில் கதையில் வருகிறாரே, அதே மனிதர். 1798-ல் பறவைகளை யாரும் சுடக்கூடாது என்று அவரிடம் கவுல் என்ற உறுதிப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு ஊர்க்காரர்கள் திரும்பினார்கள். துப்பாக்கியும் அதிகாரமும் எதிர்ப்பக்கம் இருந்த காலம் அது. நடவையும் அறுப்பையும் விட்டு நடந்து போய், எங்கள் ஏரி, எங்கள் பறவை என்று நின்று பேசிய குடியானவர்களை நினைத்துப் பார். இதில் என்ன பெருமை என்று கேட்டாயே, எனக்கு இதுதான் பெருமை.

1858-ல் இன்னொரு கலெக்டர் உத்தரவிலும் அந்த உரிமை ஏறியது. பிறகு சரணாலயம் என்ற பேர் வந்தது, சட்டங்கள் வந்தன, 1998-ல் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வரை காப்பு எல்லை ஆயிற்று, 2022-ல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. எல்லாம் நல்லதுதான். ஆனால் காகிதம் கரையில் நின்று காவல் காக்காது. தீபாவளிக்கு நம் பிள்ளைகள் வெடி வெடிக்காமல் இருக்கிறார்களே, அது எந்தக் காகிதத்தாலும் வந்ததில்லை. நீயும் சின்னதில் மத்தாப்புக்கு அழுதுவிட்டு, அப்புறம் சமாதானமாகி, என் தோளில் உட்கார்ந்து நாரை பார்த்தவள்தான்.

இப்போது எனக்குள்ள பயம் துப்பாக்கியைப் பற்றியது இல்லை. பக்கத்து ஊர்களில் வரத்துக்காலைத் தூர்த்து மனை போடுகிறார்கள். தாங்கல்கள் சுருங்கினால் நம் ஏரியில் தண்ணீர் ததும்பினாலும் பறவைக்கு இரை கிடைக்காது. ஐந்து கிலோமீட்டர் என்று வரைந்ததன் அர்த்தம் அதுதான். மனை கேட்டு உன்னிடமும் ஆள் வருவார்கள். அன்றைக்குப் பத்திரத்தில் எழுதியிருக்கும் நாலெல்லையை மட்டும் பார்த்துப் பேசாதே. நம் வயலுக்கு எரு போடுகிற நாரை காலையில் எந்த ஊர்க் குளத்தில் நிற்கிறது என்று விசாரித்து வைத்துக்கொள்.

தை மாசம் லீவு கிடைத்தால் வா. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கரைமேல் உட்கார்ந்தால் கூட்டம் கூட்டமாகத் திரும்பும். எந்தக் கூட்டம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று எனக்கு ஓரளவு தெரியும். கண் மங்கிவிட்டதால் இப்போது சரியாக எண்ண முடியவில்லை. நீ எண்ணிச் சொல், நான் ஊர்ப் பேரைச் சொல்கிறேன்.